கரட்டின் மேல் ஒரு காடு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரை நோக்கிச் செல்லும் பெருவழியில் குருபரப்பள்ளியையும் சூளகிரியையும் கடந்து ஓசூரை அடையும் பிரயாணி, சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்குள், தான் அறியாமலே ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறான். பாரமகால் என்று முன்னோர் வழங்கிய தாழ்நிலம் பின்னே தங்கிவிட, மைசூர்ப் பீடபூமியின் கீழ்விளிம்பு அவனை எதிர்கொள்கிறது. சாலையின் இருமருங்கிலும் மாந்தோப்புகளும், தக்காளிக் கொல்லைகளும், 1970களுக்குப் பின் எழுந்த தொழிற்சாலைகளின் நீண்ட கூரைகளும் மாறிமாறி வருகின்றன. அவற்றுக்கெல்லாம் பின்னால், எந்தத் திசையில் நோக்கினும், இவ்வூரார் கரடு என்று சொல்லும் மொட்டைக் குன்றுகள் வானத்தில் முதுகு காட்டி நிற்கின்றன. இத்தகைய குன்றொன்றின் மேல் காடு வளர்ப்பது எப்படி என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம். குழி தோண்டி, கன்று வைத்து, தண்ணீர் ஊற்றினால் ஆயிற்று என்று கருதுவோர் பலர். அவ்விதம் கருதி வைக்கப்பட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதை அந்தக் கரடுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இக்குன்றுகளின் கல் மிகப் பழமையானது. தக்காணத்தின் அடித்தளமாகிய நைஸ் என்னும் உருமாறிய பாறையும், அதனூடே புகுந்து இறுகிய கருங்கல்லும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. யுகயுகமாக மழையும் வெயிலும் இவற்றின் மேற்புறத்தை உரித்து எடுத்த துகள் முழுவதும் கீழே இறங்கிப் பள்ளத்தாக்கின் செம்மண்ணாகி, இன்று ராகியையும் மாவையும் போஷித்து வருகிறது. மேலே மிஞ்சியிருப்பது சரளைக்கல் கலந்த ஒரு சாண், இரண்டு சாண் மண்ணும், அதற்கடியில் மொரம்பும், இடையிடையே போர்வையே இல்லாத பாறைத் தளங்களுந்தான். ஆயினும் இவை ஆதியிலிருந்தே மொட்டையாக இருந்தன என்று எண்ணிவிடக் கூடாது. தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் தெற்கே மேலகிரித் தொடரில், மனிதன் எளிதில் எட்டாத சரிவுகளில், இதே கல்லின் மேல், இதே மண்ணின் மேல் மரங்கள் அடர்ந்து நிற்பதை இன்றும் காணலாம். ஊரை ஒட்டிய குன்றுகள் காட்டை இழந்த கதை எல்லோரும் அறிந்ததே. ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு 1864இல் ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் கொதிகலன்களுக்கு விறகும் தண்டவாளத்துக்குக் கட்டைகளும் வேண்டியிருந்தன. வளர்ந்துவந்த பட்டணங்களின் அடுப்புகளுக்குக் கரி வேண்டியிருந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னும் பின்னும் மாடும் ஆடும் மேய்ந்துகொண்டே இருந்தன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளுக்கு எல்லைக்கல் நட்டது. அக்கல்லுக்கு இப்பால் நின்ற கரடுகளை எவரும் காக்கவில்லை.

மொட்டைக் குன்றில் கன்றைக் கொல்வது எது என்று கேட்டால், வறட்சி என்றே பெரும்பாலோர் விடை சொல்வார்கள். அவ்விடை தவறன்று, ஆனால் அது பாதி விடை. இந்தப் பிரதேசத்தில் ஆண்டுக்குச் சராசரி 850 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அந்த மழையில் குன்றடியில் மரங்கள் செழிக்கக் காண்கிறோம். அடிவாரத்துக்கும் முகட்டுக்கும் மழையில் பெரிய வேற்றுமை இல்லாதிருக்க, கன்று கீழே தழைத்து மேலே கருகுவதன் காரணத்தைக் காற்றில்தான் தேடவேண்டும்.

காற்று தரையோடு உராய்ந்து செல்லுகையில் அதன் அடிப்படலம் தடைபட்டு மெதுவாகிறது. தரையை ஒட்டிய சில அங்குலங்களில் அது ஏறக்குறைய அசைவற்றிருக்க, உயரம் கூடக்கூட வேகம் முதலில் விரைவாகவும், பிறகு நிதானமாகவும் மிகுகிறது. இது சமவெளியின் இயல்பு. குறுக்கே ஒரு குன்று வந்துவிட்டாலோ, அதன் மேல் ஏறியாகவேண்டிய காற்று குறுகிய இடத்தின் வழியே நெருக்குண்டு, முகட்டின் மேல் வேகம் கொள்கிறது. இதற்கு 1975இல் ஜாக்சன், ஹன்ட் என்ற இரு அறிஞர்கள் ஒரு கணித விளக்கம் தந்தனர். அதன் சாரம் யாதெனில், நீண்டு கிடக்கும் ஒரு மென்சரிவு முகட்டின் உயரத்தை இரட்டித்து, உச்சியிலிருந்து பாதி உயரம் இறங்குவதற்குள் கடக்கும் கிடைத்தூரத்தால் வகுத்தால், அங்கே காற்று எத்தனை பங்கு மிகுதியாக வீசும் என்பது தோராயமாகக் கிடைக்கும் என்பதே. 100 மீட்டர் உயரமும் 400 மீட்டர் கிடைத்தூரமும் உள்ள ஒரு கரட்டின் மேல், இக்கணக்கின்படி, சமவெளிக் காற்று ஒன்றரை மடங்கு வேகத்தில் அடிக்கும். காற்றின் தள்ளுவிசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அங்கு நிற்கும் கன்றின் மேல் விழும் அடி இரண்டேகால் மடங்கு. சற்று நேரம் ஏறிச்சென்று அடையக்கூடிய உயரத்தில் இத்தனை வித்தியாசம்!

பிரிட்டனின் மேட்டுநிலங்களில் மரம் வளர்க்க முயன்ற வனத்துறையார், கருவிகளைச் சுமந்துகொண்டு குன்று குன்றாக ஏற இயலாமல், ஓர் எளிய உபாயத்தைக் கைக்கொண்டனர். கோதாவரிக் கழிமுகத்து மாதவாயபாலெம் என்ற சிற்றூரின் பேரைத் தாங்கிய மடப்பொல்லம் என்னும் பருத்தித் துணியை, ஓரம் மடித்துத் தைக்காமல், ஒரே அளவுக் கொடிகளாகக் கத்தரித்துக் கம்பங்களில் கட்டிவைத்தார்கள். சில வாரங்கள் கழித்து அவற்றில் எவ்வளவு துணி கந்தலாகிப் பறந்துபோயிருக்கிறது என்று அளந்து, ஒவ்வோர் இடத்திலும் காற்றின் கொடுமையை மதிப்பிட்டார்கள். கொடி விரைவில் கிழியும் இடத்தில் மரம் நட்டுப் பயனில்லை, அல்லது நட்டாலும் குட்டையாகவே நிற்கும் என்பது அனுபவத்தில் தெளிந்தது. நம் கரடுகளில் கொடி கட்டவேண்டிய அவசியமும் இல்லை. முகட்டில் தப்பி நிற்கும் ஒற்றை மரம் எப்பக்கம் கிளைவிட்டு எப்பக்கம் மொட்டையாக இருக்கிறது, விராலிப் புதர் எங்கே முழங்காலளவோடு நின்றுவிடுகிறது, எங்கே ஆள் உயரம் வளர்கிறது என்று ஒரு மாலைப்பொழுது சுற்றிப் பார்த்தாலே, காற்றின் வரைபடம் கையில் கிடைத்துவிடும்.

காற்று கன்றுக்குச் செய்யும் தீங்கு பலவகைப்படும். அது மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஈரத்தை அள்ளிச் செல்கிறது. இலையோடு இலையை உரசவைத்துத் தோலைக் கிழிக்கிறது. தளிரின் நுனியைக் கருக்குகிறது. இவையெல்லாவற்றினும் பெரிய தீங்கு, ஏனோ, நூல்களில் அதிகம் பேசப்படுவதில்லை. புதிதாக நட்ட கன்று தளர்ந்த மண்ணில் நிற்கிறது. காற்றில் அது இடைவிடாமல் ஆடுகையில் தண்டைச் சுற்றி மண் விலகி, புனல் வடிவில் ஒரு சிறு பள்ளம் உண்டாகிறது. அதன் வழியே வெப்பக்காற்று உள்ளே இறங்குகிறது. அப்போதுதான் பக்கத்து மண்ணைப் பற்றத் தொடங்கியிருந்த நுண்வேர்கள் அறுந்துபோகின்றன. மேலே இலை பச்சையாக இருக்கையிலேயே கீழே கன்று செத்துக்கொண்டிருக்கும். நட்டவுடன் காலால் நன்றாக மிதித்து மண்ணை இறுக்கவேண்டும் என்று பழைய தோட்டக்காரர்கள் வற்புறுத்தியது இதனால்தான்.

அப்படியானால் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு கொம்பை ஊன்றி இறுகக் கட்டிவிடலாமே என்று தோன்றும். இதற்கு விடையை 1803ஆம் ஆண்டிலேயே தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்துவிட்டார். அவர் இளம் ஆப்பிள் மரங்கள் சிலவற்றை ஆடாதபடி கட்டியும், சிலவற்றை யதேச்சையாக ஆடவிட்டும் வளர்த்துப் பார்த்தார். ஆடிய மரங்களின் தண்டு பருத்தது, கட்டுண்டவை மெலிந்து உயர்ந்தன. ஒரு மரத்தை வடக்கு-தெற்காக மாத்திரம் ஆடும்படி விட்டிருந்தார். அதன் தண்டு அத்திசையில் 13 பங்கும், குறுக்கே 11 பங்குமாக நீள்வட்டமாய்ப் பருத்திருந்தது. அசைவே மரத்துக்கு உறுதி தருகிறது என்பதை இன்றைய தாவர சாஸ்திரிகள் விரிவாக நிரூபித்திருக்கிறார்கள். ஆதலால் கன்றைக் கட்டிப்போடுவது பரிகாரம் ஆகாது. ஆட்டத்தைத் தாங்கும் அளவுக்கு அதைத் தயார்செய்து அனுப்புவதே பரிகாரம்.

இந்தத் தயாரிப்பு நாற்றங்காலில் நடக்கவேண்டும்; அங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது. நெருக்கமாக அடுக்கிய பாலித்தீன் பைகளில், பசுமை வலையின் நிழலில், நாள்தோறும் இரு வேளை நீர் குடித்து வளரும் கன்று, ஒன்றையொன்று முந்தி வெளிச்சத்தை நாடி, நெடுநெடுவென்று உயர்கிறது. வாங்குவோர் உயரத்தைத்தான் விரும்புகிறார்கள். ஆலை வளாகத்தைச் சுற்றிப் பசுமைப் பட்டை அமைக்க நிர்ப்பந்திக்கப்பட்ட நிர்வாகங்களுக்கும், புகைப்படத்துக்கு நிற்கும் பிரமுகர்களுக்கும் ஆள் உயரக் கன்றே அழகாகத் தோன்றுகிறது. ஆனால் தரையை ஒட்டிய மந்தமான காற்றுப் படலத்துக்குள் தலையைத் தாழ்த்தி நிற்கக்கூடிய ஓரடிக் கன்றுக்கு உள்ள பாதுகாப்பு, அதற்கு மேலே தலைநீட்டும் ஐந்தடிக் கன்றுக்குக் கிடையாது. இலை மிகுந்து வேர் குறைந்த கன்று, சம்பாத்தியத்துக்கு மிஞ்சிச் செலவு செய்யும் குடும்பத்தைப் போலத்தான். முதற் கோடையில் கணக்கு முடிந்துவிடும். குட்டையாய், தண்டு பென்சிலளவு பருத்து, நடுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே நீரைக் குறைத்து வெயிலில் நிறுத்தப்பட்ட கன்றே கரட்டுக்கு ஏற்றது. பைகளை மாதமொரு முறை இடம் நகர்த்தி வைக்காவிட்டால் ஆணிவேர் பையைத் துளைத்துப் பாத்திக்குள் இறங்கி, எடுக்கையில் அறுந்துவிடும். அதிக காலம் பையிலேயே வைத்திருந்தாலோ வேர் உள்ளே சுருண்டு, பிறகு எத்தனை நல்ல மண்ணில் வைத்தாலும் அந்தச் சுருளை விட்டு வெளியேறாது. கரட்டின் மேல் உயரம் ஒரு நன்மையாகக் கூடுமானால் அது ஒன்றே: ஆட்டின் வாய்க்கு எட்டாதிருத்தல். அதற்கு வேறு வழி தேடவேண்டும்.

எப்போது நடுவது என்ற கேள்வியில் நம் தேசமே ஒரு பிழையான பஞ்சாங்கத்தைப் பின்பற்றி வருகிறது என்று சொன்னால் மிகையாகாது. கே. எம். முன்ஷி உணவு, விவசாய மந்திரியாக இருந்தபோது 1950இல் தொடங்கிவைத்த வனமகோற்சவம் ஜூலை மாதத்தின் முதல் வாரத்தில் நடைபெறுகிறது. வட இந்தியாவுக்கும் மேற்குக் கரைக்கும் அது பொருத்தமான காலம். பருவமழை அங்கே அப்போது கொட்டுகிறது. ஓசூர்ப் பக்கத்திலோ ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவத்தின் காற்றுதான் மலைதாண்டி வருகிறதே ஒழிய, மழையின் பெரும்பங்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறங்கிவிடுகிறது. மே மாதத்து இடிமழை நின்று, செப்டம்பரின் மழை தொடங்காத அந்த இடைக்காலத்தில், ஆடிக் காற்றின் நடுவில் கரட்டின் மேல் கன்று வைப்பது, பகைவன் புறப்பட்டு வரும் வேளையில் வாயிலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். இப்பிரதேசத்துக்கு உரிய முறை வேறு. ஆனி, ஆடியில் குழி எடுத்து ஆறப்போடவேண்டும். ஆவணியில் பெய்யும் மழை குழிமண்ணை ஆழம்வரை நனைக்கவேண்டும். புரட்டாசியில், காற்று தணிந்து, மழை கனத்த பிறகு நடவேண்டும். தமிழ்நாட்டின் காட்டுப் பரப்பையும் மரப் பரப்பையும் 33 சதவீதமாக உயர்த்தும் நோக்கத்தோடு பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தொடங்கப்பட்டது, திட்டமிட்டோ தற்செயலாகவோ, நல்ல நிமித்தம். புரட்டாசியில் நட்ட கன்றுக்குத் தை பிறப்பதற்குள் மூன்று மாத ஈரம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் வேர் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவே அதன் ஆயுள்.

ஈரத்தைத் தேக்கும் உபாயங்கள் நம்மவர்க்குப் புதியவை அல்ல. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். கன்றுக்கு மேற்புறம் 10 சதுர மீட்டர் சரிவு இருந்து, 20 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் நாலில் ஒரு பங்கு வழிந்தோடினாலும், 50 லிட்டர் நீர் அவ்வழியே போகிறது. சரிவின் கீழ்ப்புறத்தில் பிறைவடிவில் ஒரு முழ உயர மண்ணணை எழுப்பி, அதன் மேல் கல்லடுக்கினால், அந்த நீர் கன்றின் காலடியில் நின்று இறங்கும். மொட்டைப் பாறைத் தளத்தில் மழைநீர் ஏறக்குறைய முழுவதுமே வழிந்துவிடுவதால், பாறையின் அடியோரமே கரட்டில் மிகச் செழிப்பான இடம். அறியாதவர் நல்ல சமதரையைத் தேடிக் குழிவெட்டுவார், அறிந்தவர் பாறை முடியும் கோட்டை முதலில் நிரப்புவார். தோண்டிய குழியிலிருந்து வெளிவந்த கற்களை எறிந்துவிடாமல் கன்றைச் சுற்றிப் பரப்புவது இருவகையில் பிரயோஜனப்படும்: கல் மண்ணின் ஈரத்தை மூடிக் காக்கிறது; காற்று வரும் மேற்குப்பக்கம் ஓரடி உயரம் அடுக்கினால் கன்றின் அடித்தண்டு ஆடுவதும் குறைகிறது. அடைத்த சுவரைவிட இடுக்கு விட்ட கல்லடுக்கே நல்லது. காற்றை முழுவதும் மறிக்கும் தடையின் பின்னால் சுழல் உண்டாகிறது, பாதி மறித்துப் பாதி விடும் தடையோ காற்றைச் சாந்தப்படுத்தி அனுப்புகிறது.

இனி, இவை எல்லாவற்றிலும் சிறந்த மறைவு ஒன்று உண்டு. அது கரட்டில் ஏற்கனவே இருக்கிறது. மரம் நடப் போவோர் முதற்காரியமாக அதைத்தான் வெட்டி எரிக்கிறார்கள். புதரைச் சொல்கிறேன். நிலத்தைச் "சுத்தம்" செய்யவேண்டும் என்ற எண்ணம் வயலிலிருந்து வந்தது. வயலில் களை பயிரின் போட்டியாளன்; வறண்டு காற்றடிக்கும் சரிவிலோ அதே அண்டைச்செடி காவலனாகிவிடுகிறது. சூழ்நிலையின் கடுமை ஏற ஏறச் செடிகளுக்குள் போட்டியைவிட உதவி மேலோங்கும் என்ற கருத்தை பெர்ட்னஸ், காலவே என்ற இரு உயிரியலார் 1994இல் முன்வைத்தனர். ஸ்பெயின் தேசத்துச் சியாரா நெவாடா மலைகளில், சுத்தம் செய்த வெட்டவெளியிலும் புதரின் நிழலிலுமாக 18,000க்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டுப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 2004இல் வெளியாயிற்று. புதரடியில் வைத்தவை மொத்தத்தில் அதிகமாகப் பிழைத்தன.

ஸ்பெயினுக்குப் போகாமலே இதைக் கற்றிருக்கலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளின் சந்தனமரம் பிறப்பதே இவ்விதம்தான். பறவை பழத்தைத் தின்று புதரின் மேல் உட்கார்ந்து எச்சமிட, விதை முள்ளின் நடுவே விழுந்து முளைக்கிறது. ஆட்டுக்கும் வெயிலுக்கும் மறைந்து இரண்டொரு வருஷம் வளர்ந்து, பிறகு புதரைப் பிளந்துகொண்டு தலை காட்டுகிறது. அது மட்டுமா? சந்தனம் ஒரு பாதி ஒட்டுண்ணி. தன் வேரில் உண்டாகும் உறிஞ்சுகளால் அண்டைச் செடியின் வேரைப் பற்றி, நீரையும் உப்புக்களையும் கடன் பெற்றே அது வாழமுடியும். நாற்றங்காலில் தனியே விட்டால் வெளுத்து நலியும் சந்தனக்கன்றோடு துவரையையோ பொன்னாங்கண்ணியையோ கூட வளர்ப்பது இதனாலேயே. முற்காலத்து வனத்துறையார் சந்தன விதையைப் புதர்களுக்கு நடுவே கோலால் குத்தி ஊன்றி வந்தார்கள். காட்டைத் திறந்து வரிசை பிடித்து நடுவதைவிட அது மலிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. உண்ணிச்செடிப் புதர்கூட அந்த வேலைக்கு உதவிற்று என்பதைக் கூறாமல் விடுவது நியாயமன்று. மற்ற மரங்களின் இளங்கன்றுகளை அதே உண்ணிச்செடி மூச்சுத் திணற அழுத்துகிறது என்பதும் உண்மை.

புதரோடு சேர்த்துக் கவனிக்கவேண்டியது கட்டைவேர். மொட்டை என்று நாம் கருதும் கரட்டில் கூர்ந்து பார்த்தால், பாறை இடுக்குகளில் விரற்கடை உயரத் தழைகள் தெரியும். அவை செடிகள் அல்ல. அரப்புத் தூளுக்கு இலை தரும் உசிலும், வெக்காலியும், வெப்பாலையும், ஒவ்வோராண்டும் வெட்டுண்டும் மேயப்பட்டும், நிலத்தடியில் பருத்த வேரோடு பல்லாண்டாக உயிர் பிடித்து நிற்பவை. அவற்றின் வேர் நாம் நடும் எந்தக் கன்றின் வேரையும்விட ஆழத்தில் இருக்கிறது. ஒரு சரிவை அடைத்துவிட்டு, கட்டையிலிருந்து எழும் பல போத்துகளில் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்தால், ஒரு குழியும் எடுக்காமலே காடு எழும்பத் தொடங்கும். இதில் பெயர்ப்பலகை வைக்கவும் விழா எடுக்கவும் ஒன்றுமில்லை என்பதால்தான் இம்முறைக்கு ஆதரவு குறைவு என்பது என் அபிப்பிராயம். கட்டைவேர் இல்லாத இடைவெளிகளில் மட்டும் நடவு செய்வது போதும்.

என்ன மரம் நடுவது? முகட்டுக்கு ஆச்சா. காவிரியை நோக்கி இறங்கும் வறண்ட பாறைச் சரிவுகளில் இயற்கையாக வளரும் இம்மரத்தின் கன்று, மேலே இரண்டு இலையோடு நிற்கும்போதே கீழே ஆணிவேரைப் பாறைப் பிளவினூடே ஆழமாகச் செலுத்திவிடும். மேலே வளர்ச்சியே இல்லையே என்று பார்ப்போர் சலித்துக்கொள்ளும் முதற்சில ஆண்டுகளில் அது வேலை செய்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். நடுச்சரிவில் வெக்காலி, உசில், மைசூர்ச் சீமையில் அரக்குப் பூச்சி வளர்க்கப் பயன்பட்ட ஜாலாரி, மண் சற்று ஆழமான மடிப்புகளில் வேங்கை, நெல்லி, புங்கன், ஓடைக்கரையில் நீர்மருது. இந்த வரிசை எழுதிப் படிப்பதற்கு எளிது. இருபது அடி தூரத்துக்குள் முகடும் மடிப்பும் மாறும் கரட்டில் இடமறிந்து வைப்பதற்கு நாற்றங்காலில் பத்து வகைக் கன்று தயாராக இருக்கவேண்டும்.

பத்து வகையின் சிரமத்துக்கு அஞ்சியவர்கள் எல்லோரும் ஒரே மரத்திடம் அடைக்கலம் புகுந்தார்கள். திப்பு சுல்தான் காலத்தில், சுமார் 1790இல், நந்தி மலைத் தோட்டத்தில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும் யூகலிப்டஸ் மரங்களின் சந்ததியான மைசூர்த் தைலமரம், எல்லைக்கு இருபுறமும் பரவியது. அதைத் தூற்றுவது இப்போது நாகரிகமாகிவிட்டபடியால், அதன் பக்கத்தையும் சொல்லவேண்டும்: ஆடு அதைக் கடிக்காது, காற்றைத் தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூர்ப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு ஆள் தேடும் கவலையில்லாமல் பணம் தரும். அது வசூலிக்கும் விலை நீர். ஓசூருக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால், ஹொஸகோட்டையில் இயன் கால்டர் என்ற நீரியலாரும் கர்நாடகத்துச் சகாக்களும் செய்த ஆராய்ச்சி 1997இல் வெளியாயிற்று. ஆழமான மண்ணில் நின்ற தைலமரங்கள், பெய்த மழையைவிட அதிக நீரைச் செலவிட்டிருந்தன, ஆண்டுக்கு 2.5 மீட்டருக்கும் மேலாக வேரைக் கீழே இறக்கி, முன்னாட்களில் சேர்ந்திருந்த ஈரத்தை உறிஞ்சியிருந்தன. கர்நாடக அரசு 2017இல் புதிய தைலமர நடவுக்குத் தடை விதித்தது.

நீலகிரி இதைவிடக் கசப்பான பாடம் கற்பித்தது. அங்கே உச்சிமேடுகள் மொட்டையாக இருந்ததற்கு மனிதன் காரணமல்லன். அவை ஆதிப் புல்வெளிகள். 1843 முதல் யூகலிப்டஸும், அதற்கு முன்பின்னாகச் சீகை என்று வழங்கும் வாட்டில் மரமும் அங்கே கொண்டுவரப்பட்டு, வெறுமையாகத் தோன்றிய இடமெல்லாம் நிரப்பப்பட்டன. கிளென்மார்கனில் அக்கம்பக்கமாக உள்ள இரு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் 59 சதவீதப் பரப்பில் 1972இல் தைலமரம் வைத்து உதகை ஆராய்ச்சி நிலையத்தார் அளந்தபோது, முதற் பத்தாண்டில் ஓடைநீர் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த அடுத்த சுற்றில் 25.4 சதவீதமும் குறைந்திருந்தது. ஸ்காட்லாந்தின் வடகோடியில், வரிச்சலுகைக்காகக் கரிச்சேற்று நிலங்களை உழுது ஊசியிலை மரம் நட்ட கூத்து 1988இல் சலுகை நீங்கியதும் நின்றது. நட்ட மரத்தை வெட்டியெடுத்துச் சேற்றை மீட்கும் வேலை இன்னமும் நடக்கிறது. ஆகவே ஒரு குன்று மொட்டையாக இருப்பதைக் கண்டவுடன் கடப்பாரையை எடுக்காமல், அது காட்டை இழந்த மொட்டையா, காடே இல்லாதிருந்த வெளியா என்று முதலில் விசாரிக்கவேண்டும். ஓசூர்க் கரடுகளில் அந்த விசாரணைக்கு உசிலின் கட்டைவேர் சாட்சி சொல்லும். சாட்சி இல்லாத பாறைத் தளத்தையும் அதன் சுனையையும் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கடைசியாக, வாயுள்ள பகைவர்கள். மாசி முதல் சித்திரை வரை உலர்ந்த புல்லில் பற்றும் தீக்கு, புல்லைச் செதுக்கிய தடுப்புக்கோடு உண்டு. மழைக்காலம் ஓயும் மாதங்களில் ராகிக் கொல்லைகளை நாடி ஜவளகிரி வழியே சானமாவுக் காடு வரை வரும் யானைக்கு வேலி கிடையாது. 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்ட பின்பு, யானையின் வழியில் தோட்டம் போடுவோர்தான் விலகிக்கொள்ளவேண்டும். எஞ்சியது ஆடு. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் ஏற்பட்டதன் காரணம், வாட்சர் ஒருவர் ஊரையே எதிர்த்து ஒரு மலையைக் காக்கமுடியாது என்பது அதற்குள் விளங்கிவிட்டதே. எந்தச் சரிவை முதலில் மூடுவது, மூடியதில் புல்லை அறுத்துச் சுமந்துபோகும் உரிமை யாருக்கு, மூடாத சரிவில் யார் ஆடு எத்தனை நாள் மேயும் என்பதை ஊரார் கூடி முடிவு செய்த இடங்களில் முள்வேலிக்கு வேலை குறைகிறது. நட்ட எண்ணிக்கையை எழுதிவைக்கும் பதிவேட்டில், இரண்டாம் கோடை கழிந்தபின் உயிரோடிருப்பவற்றை எண்ணி எழுத ஒரு பத்தியும், அந்தச் சரிவைத் திறந்துவிடும் நாளுக்கு ஒரு பத்தியும் சேர்க்கவேண்டும். திறக்கும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பதில் பயனில்லை. பின்னங்காலில் எழும்பி நிற்கும் ஆட்டின் வாய் சுமார் ஆறடி எட்டும். போத்தின் நுனி அதைத் தாண்டி, தண்டும் மணிக்கட்டளவு பருத்துவிட்டதானால், மந்தையை உள்ளே விடலாம்.